மூன்றை விழுங்கிய பூஜ்ஜியம்

என் தங்கையை வீட்டில் நாங்கள் கூப்பிடுவது பம்பரம் என்று. சாப்பிடும்போதுகூட உட்கார மாட்டாள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பாள். "தரை தேயுது பாருங்க, வேற தரைதான் போடணும்" என்று என் மனைவி கேலி செய்வாள். அந்தச் சனிக்கிழமை காலையில் தங்கையின் கையில் தட்டும் இல்லை. போன் மட்டும்தான் இருந்தது. அதையும் காதில் வைக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"யாருடி போன்ல?" என்றேன்.

"யாரும் இல்லண்ணா. பேசி முடிஞ்சாச்சு."

"முடிஞ்சா உக்காரு."

"முடியலையே. அதான் நடக்கறேன்."

பேசியது அவளுடைய மேலதிகாரி. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பதால் அவருக்கு எங்கள் வீட்டில் பார்க்கலாம் சார் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. தலைவலி எதுவும் தன் மேசைக்கு வரக்கூடாது என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். இவளுடைய கம்பெனி குளிர்கிடங்குகளை நடத்தும் புரோகிராம் செய்து விற்கிறது. வாடிக்கையாளர் ஒருவரின் ஐஸ்கிரீம் கிடங்கில் ஒரு விடுமுறை நாளன்று சரக்கெல்லாம் உருகிவிட்டது. புரோகிராம் பூஜ்ஜியம் காட்டியிருக்கிறது. பூஜ்ஜியம் என்றால் என்ன அர்த்தம் என்று பார்க்கலாம் சார் கேட்டார். "வேலை நல்லபடி முடிஞ்சதுன்னு அர்த்தம் சார்" என்று இவள் சொன்னாள். "அது போதும். நம்ம மேல தப்பில்லைன்னு அவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டுடலாம். அப்போ அங்க இருக்கிற ஆபரேட்டர்தான் கதவைத் திறந்து வச்சுட்டுப் போயிருக்கான். திங்கட்கிழமையிலேருந்து அவனை வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லப் போறாங்களாம்" என்று அவர் வைத்துவிட்டார்.

வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். "அந்த ஆள் ஸ்கிரிப்ட் கடைசியில என்னென்னமோ எழுதி வச்சிருக்கான், தலையும் புரியல வாலும் புரியல." இவள் நடக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பம்பரம் என்ன வேலை செய்கிறாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அதனால் இதை எழுதியதும் அவளிடமே படித்துக் காட்டினேன். சில இடங்களில் "அப்படி இல்லண்ணா" என்று திருத்தினாள். திருத்தியபடியே எழுதுகிறேன்.

குளிர்கிடங்கில் மோட்டார், விசிறி, விளக்கு, மணி எல்லாவற்றையும் ஒரு பெரிய புரோகிராம் நடத்துகிறது. அதன் வயிற்றுக்குள் ஒரு சின்னப் புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இன்டர்பிரட்டர் என்று பெயர். கிடங்குக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை எளிய வார்த்தைகளில் தாங்களே எழுதிக்கொள்ளலாம். அந்தக் குறிப்புக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். இன்டர்பிரட்டர் அதை வரி வரியாகப் படித்து, படித்தபடி செய்யும். இந்த இன்டர்பிரட்டரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதியவள் என் தங்கை. அந்தச் சின்ன மொழிக்கு இலக்கணம் வைத்தவளும் அவளே. இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன்.

முதலில் அவள் எழுதியதில் ஒரு கூத்து நடந்தது. ஸ்கிரிப்ட் 'நான் முடித்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் பெரிய புரோகிராமே சேர்ந்து நின்றுபோனது. விளக்கு, விசிறி எல்லாம் போச்சு. அன்று வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "வாடகைக்கு இருக்கிறவன் காலி பண்றேன்னா சாவியைக் குடுத்துட்டுப் போகணும்ணா. இவன் வீட்டையே இடிச்சுட்டுப் போறான்." அந்தச் சாவிதான் எக்ஸிட் கோட் என்கிற எண். ஸ்கிரிப்ட் முடியும்போது ஒரு எண்ணை இன்டர்பிரட்டரிடம் கொடுக்கும். இன்டர்பிரட்டர் அதைப் பெரிய புரோகிராமிடம் கொடுக்கும். பூஜ்ஜியம் வந்தால் எல்லாம் நலம், பச்சை விளக்கு. வேறு எந்த எண் வந்தாலும் தகராறு, மணி அடிக்கும். எந்த எண் என்பதை வைத்து என்ன தகராறு என்று தெரிந்துகொள்வார்கள். உள்ளே என்ன நடந்தது என்று பெரிய புரோகிராம் எட்டிப் பார்க்காது. எண்ணை மட்டுமே நம்பும்.

நடுவழியில் கோளாறு வந்தால் அதை மேலே எறிய வேண்டும் என்பாள். அதற்கு எக்ஸெப்ஷன் என்று பெயர். எனக்கு இது சட்டென்று புரிந்தது. மாடியில் கண்ணாடியைப் பிடித்திருப்பவன் "நழுவுது" என்று கத்தினால் கயிறு பிடிப்பவன் கேட்டு நிறுத்த வேண்டும். அவனுக்குக் கேட்காவிட்டால் அவனுக்குப் பின்னால் நிற்பவன் கேட்க வேண்டும். யார் காதிலும் விழாவிட்டால் தெருவில் போகிறவன் தலையில்தான் விழும். ஸ்கிரிப்டில் யாருமே பிடிக்காத கோளாறை வாசலில் நின்று பிடித்து, அதை ஒரு எண்ணாக மாற்றிக் கொடுக்க வேண்டியது இன்டர்பிரட்டரின் பொறுப்பு. 'முடித்துக்கொள்கிறேன்' என்பதையும் அவள் அதே மாதிரி எறியப்படுகிற ஒன்றாகத்தான் வைத்திருந்தாள். வெளியே போகிற வழியில் கட்டாயம் செய்தே ஆக வேண்டியவற்றை எழுத ஒரு தனி இடமும் வைத்தாள். அதற்குக் கடைசிக் கடமை என்று பெயரிட்டாள். வீடு தீப்பிடித்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்கிற மாதிரி.

சின்ன வயதிலேயே அவள் இப்படித்தான். கடைக்கு அனுப்பினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவாள். "அம்மா, அது இல்லன்னா என்ன வாங்கறது?" சொல்லி அனுப்பினால் மறுபடியும் வருவாள். "அதுவும் இல்லன்னா?" அம்மா கடைசியில் தானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வாத்தியார்கள் அவளைக் குதர்க்கம் என்றார்கள். எனக்கு மட்டும் அது குதர்க்கமாகப் படவில்லை. அளவு எடுக்கும்போது ஜன்னல் சட்டம் கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்காதவன் கண்ணாடி அறுக்கக்கூடாது.

அந்தச் சனிக்கிழமை காலை முழுவதும் மடிக்கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவளே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அதில் கோளாறு வரவைத்தாள். மூன்று என்ற எண்ணோடு வெளியே வரச் சொன்னாள். சரியாக மூன்று வந்தது. கடைசிக் கடமையைச் சேர்த்துப் பார்த்தாள். மூன்றுதான் வந்தது.

"சரியாத்தானே வருது. அப்புறம் என்ன?" என்றாள் என் மனைவி.

"நான் எழுதினா சரியா வருது அண்ணி. அவர் எழுதினது என்னன்னு எனக்குத் தெரியாதே."

"கேளேன்."

"கேட்டேன். திங்கட்கிழமை பார்க்கலாம்ங்கறார்."

"பார்க்கலாம் சார் வேற என்ன சொல்வார்?"

திங்கட்கிழமை இவளுக்கும் ஒரு விசேஷமான நாள். குழுவுக்குத் தலைவியாக இவளைப் போடப்போவதாகப் பேச்சு. அதை என்னிடம் சொன்ன நாளிலிருந்து கடைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று நடை நின்றது.

"அண்ணா, வண்டிய எடு."

"பின்னால கண்ணாடி ஏத்தியிருக்கேன்டி. இறக்கிட்டு வரேன்."

"வேண்டாம், அப்படியே போலாம்."

கண்ணாடி ஏற்றிய வண்டியை வேகமாக ஓட்ட முடியாது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் பிரேக்கில் கால் வைத்தேன். அவளோ தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கிலிருந்து காலை எடுப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி வைத்தாள். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார்.

"பாரு, சைக்கிளு."

"அவர் பின்னால கண்ணாடி இல்ல."

"ஒரு ஐஸ்கிரீம்காரருக்கு வேலை போகப் போகுதுண்ணா."

"என் கண்ணாடி உடைஞ்சா எனக்குப் போகும்டி."

கிடங்கு ஊருக்கு வெளியே ஒரு நீளமான தகரக் கொட்டகை. வாசலில் பட்டை பட்டையாகப் பிளாஸ்டிக் திரை தொங்கியது. உள்ளே காலி செய்த அறையை ஒருவர் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். புளித்த பாலும் சர்க்கரையும் கலந்த வாடை. வெயில் நேரத்திலும் அவர் தலையில் கம்பளித் தொப்பி இருந்தது. இவள் யார் என்று சொன்னதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிப்போனதை ஒப்பிக்கிற குரலில் சொன்னார்.

"கதவைச் சாத்தினேன் மேடம். இழுத்துப் பாத்தேன். பச்சை விளக்கு எரிஞ்சுது. பூஜ்ஜியம் வந்துது. அதப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

"மறுநாள் வந்தப்போ என்ன இருந்தது?"

"மெஷின் நல்லா ஓடிட்டிருந்தது. அறை ஜில்லுன்னு இருந்தது. சரக்கு மட்டும் உருகி, வழிஞ்சு, தரையிலயே மறுபடி உறைஞ்சு கிடந்தது. கதவு ராத்திரி பூரா திறந்து கிடந்திருக்குன்னாங்க. நான்தான் வந்து திறந்தேன், பூட்டு போட்டபடி இருந்ததுன்னு சொல்றேன். யாரு கேக்கறாங்க?"

குளிர் குழாய்களில் பனி படியும். அதை உருக்க அவ்வப்போது குளிரை நிறுத்தி ஒரு ஹீட்டரைப் போடுவார்கள். உருகியதும் ஹீட்டரை அணைத்து மறுபடி குளிரைத் தொடங்குவார்கள். அந்த வேலைக்கான ஸ்கிரிப்டை எழுதியவர் இந்த ஆபரேட்டர். குழாயின் சூட்டைச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. சென்சார் பதில் சொல்லாவிட்டால் மூன்று என்ற எண்ணோடு வெளியேறு என்று எழுதியிருந்தார். அதுவரை யாரும் எழுதக்கூடியதுதான். கடைசிக் கடமையில் ஹீட்டரை அணை என்று ஒரு வரியோடு அவர் நிறுத்தவில்லை. அணைத்துவிட்டு, அது உண்மையிலேயே அணைந்ததா என்று சரிபார்க்க ஒரு தனிச் சிறு வேலையை எழுதி, அதையும் அங்கே கூப்பிட்டிருந்தார்.

தங்கை கிடங்குக் கணினியின் திரையில் அதைப் படித்துக்கொண்டே நகத்தைக் கடித்தாள்.

"இதை ஏன் சார் எழுதினீங்க?"

"அணைன்னு சொன்னா அணைஞ்சிடுமா? எங்க வீட்ல பசங்ககிட்ட லைட்டை அணைன்னு சொல்லிட்டு நான் போய்ப் பாப்பேன் மேடம். அணைஞ்சிருக்காது."

அவள் சிரிக்கவில்லை. "சென்சார் வயரைக் கழட்டுங்க" என்றாள்.

அவர் ஏணியில் ஏறிக் கழற்றினார். இவள் பொத்தானை அழுத்தினாள். ஹீட்டர் எரிந்தது. சற்று நேரத்தில் சென்சார் பதில் சொல்லவில்லை என்று ஸ்கிரிப்ட் கண்டுபிடித்தது. ஹீட்டர் அணைந்தது. குளிர் தொடங்கவில்லை. மணி அடிக்க வேண்டும். நாங்கள் காத்திருந்தோம். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் பூஜ்ஜியம்.

அப்போதுதான் கிடங்கு முதலாளி வந்தார். விளக்கைப் பார்த்தார். "பச்சை எரியுதே. மெஷின்ல ஒரு குறையும் இல்லையே?" என்றார் திருப்தியாக.

நடப்பதை மறந்து நின்ற என் தங்கையை நான் முதன்முறையாகப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டு அந்தப் பூஜ்ஜியத்தையே பார்த்தாள். பிறகு ஆபரேட்டரின் ஸ்கிரிப்டில் சரிபார்க்கும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மூன்று வந்தது. மணி காதைப் பிளந்தது. வரியைத் திரும்பச் சேர்த்தாள். பூஜ்ஜியம். அமைதி.

ஆபரேட்டர் ஏணியிலிருந்தபடியே கேட்டார். "அப்போ நான் எழுதினது தப்பா?"

"இல்ல சார். நீங்க எழுதினது சரி. நான் எழுதினதுதான் தப்பு."

என்ன தப்பு என்று அவள் பிறகு வண்டியில் சொன்னாள். எண்ணை வைக்க இன்டர்பிரட்டருக்குள் ஒரே ஒரு பெட்டிதான் வைத்திருந்தாள். மூன்று அந்தப் பெட்டியில் உட்கார்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. வழியில் கடைசிக் கடமை. அதற்குள் சரிபார்க்கும் சிறு வேலை. ஹீட்டர் ஒழுங்காக அணைந்திருந்ததால் அந்தச் சிறு வேலை நல்லபடி முடிந்தது. நல்லபடி முடிந்ததால் தன் பூஜ்ஜியத்தை அதே பெட்டியில் போட்டது. மூன்றைக் காணோம். சரிபார்க்காமல் விட்டவர்கள் கிடங்கிலெல்லாம் மணி ஒழுங்காக அடித்தது. கூடுதல் கவனம் எடுத்த மனிதரின் கிடங்கில் மட்டும் அடிக்கவில்லை. சென்சார் வயர் கடுங்குளிரில் சுருங்கித் தொடர்பு விட்டிருக்கிறது. அறை சூடானதும் தானாகச் சேர்ந்துகொண்டது. அடுத்த முறை பனி உருக்கும் வேலை ஒழுங்காக முடிந்து குளிர் மறுபடி ஓடியது. அதனால்தான் மறுநாள் வந்து பார்த்தவர்களுக்குக் கதவைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

கிடங்கில் அப்போது முதலாளி எங்களோடு நிற்கவில்லை. மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். இவள் போனை எடுத்துப் பார்க்கலாம் சாரைக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு இரண்டு பேர் பேசுவதும் கேட்டது.

"சார், அந்த லெட்டரை அனுப்பாதீங்க."

"எங்கம்மா இருக்க?"

"கிடங்குல சார். தப்பு நம்மளோடது. என்னோடது."

"யார் உன்னை அங்க போகச் சொன்னது? சரி, கேளு. அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணிடு. அவங்ககிட்ட ஒண்ணும் பேசாத. திங்கட்கிழமை உக்காந்து பார்க்கலாம்."

"திங்கட்கிழமை இவருக்கு வேலை இருக்காது சார்."

"அது அவங்க கம்பெனி விஷயம். நீ உன் விஷயத்தைப் பாரு. திங்கட்கிழமை என்னன்னு தெரியும்ல உனக்கு?"

அவள் போனை வைத்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். தலைவியாகப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் நான்.

"அவர் சொல்றதும் சரிதானேடி. ரெண்டு நாள்தானே. திங்கட்கிழமை அவங்களே கூப்பிட்டுச் சொல்லட்டுமே."

"எதைச் சொல்வாங்க? பூஜ்ஜியம்னுதான் சொல்வாங்க."

"பம்பரம், கொஞ்சம் பொறு."

"பொறுத்தா இதுவும் அந்த மூணு மாதிரி உள்ளேயே போயிடும்ணா." கையை உதறிக்கொண்டு முதலாளியின் அறைக்கு நடந்தாள். நடந்தாள் என்பதைவிட ஓடினாள் என்று சொல்வதே சரி. நானும் பின்னாலேயே ஓடினேன். ஆபரேட்டர் ஏணியிலிருந்து இறங்கி வாசலோடு நின்றுகொண்டார்.

"சார், உங்க ஆபரேட்டர் கதவைத் திறந்து வைக்கல. சென்சார் நின்னு போச்சு. அவர் எழுதின ஸ்கிரிப்ட் அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லிச்சு. என் புரோகிராம் அதைத் தொலைச்சுடுச்சு. நீங்க பாத்த பூஜ்ஜியம் பொய்."

முதலாளி இவளை மேலும் கீழும் பார்த்தார். "உங்க கம்பெனி லெட்டர் காலையிலேயே ஈமெயில்ல வந்தாச்சும்மா. மெஷின்ல தப்பே இல்லைன்னு எழுதியிருக்கு."

காலையில் என் தங்கை போனில் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பார்க்கலாம் சார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைத் தள்ளிப்போடாமல் முடித்திருக்கிறார்.

"அந்த லெட்டர் தப்பு சார்."

"அப்போ யாரை நம்பறது? லெட்டரையா, உன்னையா?"

"ரெண்டையும் நம்ப வேண்டாம். வந்து பாருங்க. நீங்களே பொத்தானை அழுத்துங்க."

முதலாளி வந்தார். அவரே அழுத்தினார். கழற்றிய வயர் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்க, பச்சை விளக்கு எரிந்து பூஜ்ஜியம் வந்தது. சந்தேகத்தோடு மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதேதான். வயரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கடைசியாக ஆபரேட்டரைப் பார்த்தார்.

"சொல்லக்கூடாதாய்யா?"

"சொன்னேனே முதலாளி. சொல்லிட்டேதான் இருந்தேன்."

"சரி, சரி." முதலாளி தொண்டையைச் செருமினார். "திங்கட்கிழமை புதுச் சரக்கு வருது. சீக்கிரம் வந்துடு." பிறகு இவள் பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "போன சரக்குக்கு உங்க கம்பெனி பதில் சொல்லணும். நீ சொன்னதை நீயே எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கறேன் சார்."

அங்கேயே, கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மேல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துப் போடும்போது கால் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு மடிக்கணினியைத் திறந்து, கடைசிக் கடமைக்குத் தனியாக இன்னொரு பெட்டி வைத்தாள். வெளியே போகிற எண் ஒன்றில், வழியில் முடிகிற வேலைகளின் எண் மற்றொன்றில். அதை இந்தக் கிடங்கின் இயந்திரத்தில் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். மூன்று வந்தது. மணி அடித்தது. நிறுத்து என்று முதலாளி கையைக் காட்டினார். ஆபரேட்டர் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மணியை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

தலைவி பதவி பிறகு வேறொருவருக்குப் போனது. "கேக்காம போனியாமே" என்று பார்க்கலாம் சார் கேட்டாராம். "ஆமா சார்" என்றாளாம். அதற்கு மேல் இதைப் பற்றி அவள் எங்களிடம் பேசியதில்லை. கடைக்கு வருகிற ஆட்கள் கேட்டால், ஐஸ்கிரீம் கிடங்குக் கதையை நான் முதலிலிருந்து சொல்கிறேன். சிலர் கண்ணாடி அளவைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

அன்று கிடங்கிலிருந்து கிளம்பும்போது எனக்குப் பசி. வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். அவள் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு எதையோ தேடிவிட்டு யாருக்கோ போன் போட்டாள். வண்டி இரண்டு பள்ளம் தாண்டியிருக்காது.

"அண்ணா, நிறுத்து."

"என்னடி, வாந்தி வருதா?"

"சரிபார்க்கிற வேலையைக் கடைசியில வச்சு எழுதின இன்னொருத்தர் இருக்கார். போன மாசம் போன்ல சந்தேகம் கேட்டார். நான்தான் நல்லா எழுதியிருக்கீங்கன்னு பாராட்டினேன். அவர் போனை எடுக்க மாட்டேங்கறார். வண்டியத் திருப்பு."

"அது என்ன கிடங்கு?"

"மீன்."

"நாறுமேடி."

"நாறாம இருக்கணும்னுதான் போறோம். சீக்கிரம்ணா."

பின்னால் கண்ணாடி இருந்தது. இருந்தாலும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினேன்.